கடுகு

கரகாந்தாவில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
தொண்ணூற்றொன்றாம் வருடத்து என் ஆடி
விசிறியை நாலாம் எண்ணில் சுழற்றி
முட்டி மேல் ஊதுகிறது
திறந்த ஐஸ்பெட்டியின் மூச்சை.

பின்னால் சுரங்கத்துக்குப் போகும் மூவர்.
ஒருவரும் குறை சொல்லவில்லை.
வண்டிக்குள் சுட்டது அது ஒன்றுதான்.
கண்ணாடியின் உள்பக்கம் உறைந்துபோன அவர்கள் பேச்சைப்
பழைய பஸ் அட்டையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன்.

மாலை, வாடகைக் கொட்டகை. கதவை விரியத் திறந்துவைத்து
எஞ்சினை ஓடவிட்டேன்.
முள் தொண்ணூறுக்கு ஏறி நின்றது.
சரி, தெர்மோஸ்டாட் மேல் பழி இல்லை.
தொட்டியில் நீர் குறையவில்லை.
நெம்பைத் தள்ளினால் உள்ளே மூடி 'டக்' என்கிறது.
மிச்சம், தடுப்புச் சுவருக்குள் நுழையும்
இரண்டு ரப்பர் குழாய்கள்.
கையுறையைக் கழற்றினேன்.

ஒன்று, தொட்ட விரல் துள்ளியது.
மற்றது, ஜன்னல் கம்பி.

போன சூடு திரும்பி வரவில்லை.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு,
குழாய்களைப் பிடுங்கி,
வெளிவரும் வழியாகவே வெந்நீரை உள்ளே தள்ளினேன்.
துரு. பிறகு தேநீர் நிறம்.
பிறகு மஞ்சளாய்க் கட்டி கட்டியாய்
சமையலறையில் இருக்க வேண்டிய ஒரு வாடை.

கடுகுப் பொடி.
ஒழுகும் ரேடியேட்டரில் கொட்டுவார்கள் இங்கே.
ஓட்டை அடையும், கொஞ்ச நாளைக்கு.
வண்டியை விற்கக் கொஞ்ச நாள் போதுமே.

"எஞ்சின் தங்கம் அண்ணி" என்றான் கயிர்கெல்தி.
என் புருஷனின் தம்பி.
நோட்டை இரண்டு தரம் எண்ணினான்,
முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.
கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை:
மூன்று குளிர்காலமாய் என் கால்விரல்களில்.

புது நீர் ஊற்றி, காற்றை வெளியேற்றிக் கிளப்பினேன்.
முதலில் வந்தது வறுபட்ட தூசி வாசம்.
அப்புறம், ஐயோ, சூடு!
பூட்ஸைக் கழற்றிவிட்டு
வெறுங்காலைத் துவாரத்துக்கு நேரே நீட்டி
தனியாகச் சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

பெடலுக்குப் பக்கத்தில், கார்பெட்டில்,
ஒரு சொட்டு.
இனிப்பாய் ஒரு நெடி.
இன்னொரு சொட்டு.

காலை ஐந்தரைக்கு மூவர் முனையில் நிற்பார்கள்.
ஜாம் பாட்டில் ஒன்றை அடியில் செருகிவிட்டு
கயிர்கெல்தியின் எண்ணை அழுத்தினேன்.
மணி போகிறது. எடுக்கவில்லை.
அடிக்கட்டும்.
வண்டிக்குள் இருபத்திரண்டு டிகிரி.