ஆயிரத்துப் பதினான்கு

பாரை, சூரை, அறுக்குளா:
எங்கள் கந்தோரின் மூன்று சேவர்களுக்கும்
யாரோ பசியோடிருந்த நாளில் வைத்த பெயர்கள்.
பாரை, யோர்க் வீதியில், ஏசி ஒழுகும் அறையில்.
சூரை, பேலியகொடைக் களஞ்சியத்தில்.
அறுக்குளா எங்கே என்று
என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.
படிக்கட்டுக்குக் கீழே, விளக்குமாறுகளோடு.

திங்கட்கிழமை சஸ்னா வேலைக்கு வந்தாள்.
பாரையில் கணக்குத் திறந்தேன்.
காலியாயிருந்த எண்ணை அது தானே எடுத்துக் கொடுத்தது:
ஆயிரத்துப் பதினான்கு.
பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"மிஸ், நான் எப்ப ரிசைன் லெட்டர் எழுதின?"

ஒன்பது வரைவுகள்.
களஞ்சியத்துச் சூரையிலிருந்து
கம்பி வழியே வந்து இங்கே தெரிகிற கோப்புறையில்.
ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் சஸ்னா.
அவள் பாடசாலையில் இருந்த வருடத்துத் தேதிகள்.

சூரையின் பட்டியலில் அந்த எண்
இன்னும் ஞானகுலேந்திரனுடையது.
எட்டெழுத்துக்கு மேல் ஏற்காத நாளில் பதிந்ததால்
அங்கே அவன் பாதிப் பெயரோடு நிற்கிறான்.
மீதிப் பெயரோடு
மூன்று வருடத்துக்கு முன் தோஹா போய்விட்டான்.

வட்டுக்குப் பெயர் தெரியாது.
எண்ணை மட்டும் எழுதி வைக்கும்.
யாருடையது என்று கேட்டால்
அந்தந்த இயந்திரம் தன் பட்டியலைப் பார்த்துச் சொல்லும்,
கொஞ்சமும் தயங்காமல்,
பிழையாக.

எனக்கு இதன் மறுபக்கம் பழக்கம்.
பிறப்புச் சான்றிதழில் தவச்செல்வி,
வங்கியில் ஓரெழுத்துக் குறைவு,
அடையாள அட்டையில் வேறொருத்தி.
எண் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று:
பிறந்த நாளோடு, பெண் என்பதால், ஐந்நூறு கூட்டியது.
பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்த ஓர் இரவில்
பெயரை வாசிக்கப் பார்த்து, விட்டுவிட்டு,
எண்ணைத்தான் அவன் உரக்க வாசித்தான்.
நான் "ஓம்" என்றேன்.

புதன் இரவு எட்டு மணிக்கு எல்லோரையும் வெளியேற்றினேன்.
எல்லோருக்கும் ஐயாயிரத்திலிருந்து புதிய எண்கள்,
மூன்று மீனிலும் ஒரே பட்டியல்.
உதேனியும் ரிஸ்வியும்
பாரையில் ஒரு மாதிரி, அறுக்குளாவில் தலைகீழ்.
நேரே மாற்றினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்,
பிறகு எந்தக் கடவுளாலும் பிரிக்க ஏலாது
(பழைய வேலையில் இரண்டு பேரின் சம்பளச் சீட்டை
அப்படிக் கலந்தவள் நான்).
முதலில் உதேனியை ஒருவருக்கும் இல்லாத எண்ணுக்கு.
பிறகு ரிஸ்வி.
பிறகு உதேனி.
இரண்டு கோப்பைத் தேநீரை இடம் மாற்ற
மூன்றாவதாய் ஒரு வெறும் கோப்பை.

பழைய பட்டியலை எடுத்துப் புதியதை வைக்கும்வரை
கால் மணிநேரம்
கந்தோரில் ஒருவருக்கும் பெயர் இல்லை.
திரை முழுக்க எண்கள்.
ஏசி நீர் வாளியில் விழும் சத்தம்.
முதலாளியும் ஓர் எண்தான், சிறிய எண்.

ஞானகுலேந்திரனை அழிக்கச் சொல்லியிருந்தார்கள்.
அழிக்கவில்லை.
ஐயாயிரத்துப் பதினான்கு கொடுத்தேன்,
முழுப் பெயரோடு. கடவுச்சொல் இல்லை.
அவனே வந்தாலும் நுழைய முடியாது.
அவனுடையது அவனுடையதாக இருக்கும், அவ்வளவுதான்.
அந்த எண்ணை இனி ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று
பட்டியலின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.
எனக்குப் பின் வருபவர் வாசித்தால் சரி.

ஒரு மணிக்கு முடிந்தது. நூற்றியொன்று இல்லை.
ஓட்டோக்காரன் பெயர் கேட்டான், செயலியில் சரிபார்க்க.
சொன்னேன். அவன் திரையில் வேறு மாதிரி இருந்தது.
"நம்பரைச் சொல்லுங்க மிஸ்."

காலையில் சஸ்னாவின் கோப்புறை வெறுமையாய் இருந்தது.
அவளுக்கு அது பிடிக்கவில்லை போல.
"ஒன்பதாவது 'குடும்பக் காரணங்களால்' என்றதோட நிக்குது, மிஸ்.
கடைசியில குடுத்தாரா?"

குடுத்தவர்.
பத்தாவதைக் கையால எழுதி.