அங்க அடையாளங்கள்

முதலில் கண்டது எச்சத்தைத்தான்.
ஸ்கூட்டர் சீட்டில், பெரிய மிளகளவு,
ஒவ்வொன்றிலும் வரி வரியாய்ச் செதுக்கினாற்போல.
எலி என்றேன்.
மேலே மொட்டையாகிக் கிடந்த நந்தியாவட்டைக் கிளை
எலியில்லை என்றது.

அண்ணாந்தேன்.
காம்போடு காம்பாய், என் நடுவிரல் நீளத்துக்கு, பச்சை.
விலாவில் வெள்ளைக் கோடு,
கோட்டோரம் உப்புத் தூவிய புள்ளிகள்.
பின்புறத்தில் வளைந்த குட்டிக் கொம்பு,
தோடம்பழத் தோலின் நிறம்.
கொம்பு ஏன் பின்னால் என்று கிட்டப் போனேன்.
தலையைக் கவிழ்த்து
இரண்டு நீலக் கண்ணால் முறைத்தது.
மீற்றர் பெட்டியில் என் முழங்கை இடித்தது.

"மயிர்க்கொட்டி. தொடாதையும்"
என்றா மூன்றாம் மாடி லோஜினி ரீச்சர்.
மயிர் ஒன்றையும் காணேல்லையே, ரீச்சர்.
"அப்ப வெறும் கொட்டி."
அந்தச் சொல்லுக்கு
கேற்றடியிலிருந்து விமலதாச திரும்பிப் பார்த்தார்.
அவருடைய பாஷையில் அது காட்டில் திரிகிற வேறொன்று.
இத்தனை வருஷம் கழித்தும்
ரீச்சரின் குரல் சட்டென்று இறங்கியது.

அவரோ ரோச்சை அடித்துப் பார்த்து
"தளம்புவா" என்றார், சிரித்தபடி.
தமிழ்க் காதுக்கு
குறைகுடத்தை நினைப்பூட்டும் பெயர்.

பைப் பூட்ட பொகவந்தலாவையிலிருந்து வந்த மருதை
"கம்பளிப்பூச்சிங்க" என்றான்.
கம்பளி எங்கே?
"கொழும்பு வெக்கைக்குக் கழட்டிப் போட்டிருக்கும்."

பார்மசியில் ஆளில்லாத நேரம்
போனில் தேடினேன்.
நீலக் கண் கண்ணே அல்லவாம்.
மூன்றாம் வளையத்தில் தீட்டிய மிரட்டல்.
உண்மைக் கண்கள் கீழே, மடித்த தலையில்,
ஊசிமுனைப் பொட்டுகள்.
நாளைக்குச் சிறகு முளைத்தால்
அலரிப் பருந்து என்று பெயராம், ஓர் அந்துக்கு.
படமும் விபரமும் பொருந்தின.
கொம்புகூட.

மறுநாள் மாலை மூவரையும் கூட்டிப் போனால்
கிளையில் ஆளில்லை.
கடலோர ரயில் போய் நிலம் அதிர்ந்து அடங்க,
முன் டயரடியில்
மண்ணிறத்தில் ஒன்று அவசரமாய் ஊர்ந்தது.
பச்சை துளியுமில்லை.
நீலம் இருந்த இடத்தில் இரண்டு கரித் தழும்பு.

"இது வேற" என்றா ரீச்சர்.
"வென எகக்" என்றார் விமலதாச.
முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.
மருதை மட்டும் குந்தியிருந்து பின்பக்கம் பார்த்தான்.
"கொம்பு அதேதாங்க."

கவுண்டரில் ஒருவர் ஒருநாள்
என் அட்டையையும் முகத்தையும்
மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்:
படத்தில் இருப்பது நீங்கதானா?
பதினாறு வயதில் எடுத்தது.
ஓம் என்றேன்.
அவர் பார்த்த பார்வையில்
எனக்கே கொஞ்சம் ஐமிச்சம் வந்தது.

அது சருகுக் குவியலுக்குள் தலையை நுழைத்தது,
பிறகு உடம்பை,
கடைசியாய்க் கொம்பை.

சாவியைப் பையில் போட்டுவிட்டு
ஸ்கூட்டரைக் கேற் வரைக்கும்
தள்ளிக்கொண்டு போனேன்.