பக்கிக்கு ஏழு லிட்டர்

இந்த ஊரில் பிக்கப்பைப் பக்கி என்பார்கள்.
தமிழில் அதற்கு என்ன பொருள் என்று
கவுண்டரில் நிற்கும் பிரெனோலனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
அதன் வயிற்றுக்குக் காசு கட்டுகிறவள் நான்.

நார்த்டேல், மாலை நாலரை, மின்வெட்டு.
பேட்டரி விளக்கொளியில் டின்கள்
ஒன்றன் முதுகில் ஒன்று.
"மினரல் போதும் ஆன்ட்டி,
பழைய வண்டிதானே."

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
அதில் பாதி தயாளன் ஓட்டியது.
சர்வீஸ் புத்தகத்தில் அவனே தேதி, அவனே கையெழுத்து;
நாலு வருடம், ஒரே பேனா, ஒரே நீலம்,
ஒரே உட்காரலில்.
பிரிந்தபோது வீடு அவனுக்கு, பக்கி எனக்கு என்று
எழுதிக் கொடுத்தார்கள்.
பொய்யும் அதோடு வந்தது,
ஸ்டெப்னி டயர்போல.

என்ன வேலை இந்த வண்டிக்கு என்று
யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.
டர்பன் சந்தையில் கத்தரி, வெண்டை, பச்சைமிளகாய்,
பதினாறு மூட்டை மதும்பி.
டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளின் பின்னால்
இரண்டாம் கியரில்
வெப்பமுள் படுக்கையை விட்டு எழுந்து உட்காரும்.
வெள்ளி இரவு மூயி ரிவரில்,
நோம்சாவின் கடைப்பின்புறம் தூக்கம்.
சனிக்கிழமை நாலு மணிக்கு, ஜூலையில்,
புல் நரைத்திருக்கும்.
பேங்க் கார்டால் கண்ணாடிப் பனியைச் சுரண்டுவேன்.
அந்த ஒரு வேலைக்காவது கார்டு உதவுகிறது.

சாவி திருப்பி
எண்ணெய் மேலேறிச் சேரும்வரை மூன்று விநாடி.
இரும்பு இரும்பைப் பல்லால் கடிக்கும் மூன்று விநாடி.
எனக்கு வேண்டியது
அந்த மூன்று விநாடிக்கான மருந்து.

"அப்படியென்றால் முழு சிந்தெடிக். ஐந்து டபிள்யூ முப்பது."
முதல் எண் குளிருக்கு, பின்னது கொதிப்புக்கு.
குளிரில் இறுகாது, சூட்டில் நீர்த்துப்போகாது.
இப்படி ஒரு சுபாவத்தை
மனிதர்களிடம் தேடியல்லவா நாளைக் கழித்தேன்!

ஐந்து லிட்டர் டின் ஒன்று, ஒரு லிட்டர் இரண்டு.
மினரலைவிட எழுநூறு ராண்ட் கூடுதல்.
பெட்டிக்கு இருபது ராண்ட் லாபம் என்றால்
முப்பத்தைந்து பெட்டி தக்காளி.
ஒன்றுகூட அழுகாமல்.

பில்டருக்காவது மலிவைப் பார்க்கலாம் என்று
மனசு மெல்லக் கவுண்டரில் சாய்ந்தது.
எண்பத்தைந்து ராண்ட். மேலே பளபள நீலம்.
அப்போதுதான் பையிலிருந்து எடுத்தேன்,
போன தடவை போட்ட அதே நீலம்.
சிபூசிசோ கட்டர் வைத்துச் சுற்றி வெட்டித் தந்தது.
ரம்பம் வேண்டாம் என்றான்,
துகள் விழுந்தால் யார் குற்றம் என்று தெரியாதாம்.

உள்ளே காகிதக் கொசுவம்,
பின் குத்தாத சேலைபோல் ஒரு பக்கம் சரிந்து.
நாலு மடிப்பு கிழிந்திருந்தது.
எண்ணெயைக் கீழிறங்காமல் பிடிக்க வேண்டிய ரப்பர்
வறுத்த அப்பளமாய் விறைத்திருந்தது.
என் மூன்று விநாடியைத் தின்றது குளிர் மட்டுமல்ல.

பிரெனோலன் விளக்கை அருகே கொண்டுவந்து பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு நீலங்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி
இருநூற்று நாற்பதை எடுத்து வைத்தான்.
விலை குறைக்கவில்லை.
ஆன்ட்டி என்பதை மட்டும்
மிசஸ் படையாச்சி ஆக்கினான்.

ஞாயிறு.
சூடாக இருக்கும்போதே வடித்தேன்,
காப்பிக்குக்கூட இத்தனை கறுப்பு கிடையாது.
புது பில்டரின் ரப்பர் வளையத்தில்
ஒரு விரல் எண்ணெய் தடவி,
கையால் திருகி, தொட்டபின் முக்கால் சுற்று.
ஸ்பானர் வேண்டாம். கோபமும் வேண்டாம்.
ஏழு லிட்டர், தேன் நிறத்தில்,
அவசரமில்லாமல் உள்ளே போனது.

அடுத்த சனி, மூயி ரிவர், நாலு மணி, மைனஸ் மூன்று.
சாவி.
ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன்.
'று' முடிவதற்குள்
எண்ணெய் விளக்கு அணைந்தது.

இறங்கி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தேன்.
பனிப்புல்லில் ஒரு சொட்டு, தேன் நிறத்தில்.
வடிகால் போல்ட்டின் வாஷர்.
பதினோரு ராண்ட்.
வாங்க மறந்திருக்கிறேன், பக்கி.