பத்து நாற்பதிலிருந்து

கடைசி எபிசோட்.
நீலமுடிக் கப்டன்
விண்கலத்துக் கதவைத் திறந்து
ஒரு காலை வெளியே வைத்தாள்.
டேட்டா முடிந்தது.

பத்து நாற்பதிலிருந்து அந்தக் கால்
அந்தரத்தில் நிற்கிறது.
கல்லடியில் ரீலோட் கடையெல்லாம் பூட்டு.

"முப்பத்தாறு வயசில
கார்ட்டூனுக்கா இந்த ஓட்டம்?"
மோட்டார்சைக்கிளை முறுக்கியபடி
மச்சான் ஜெகரூபன்.
பின்னால் நான், கையில் போன்,
அதில் அவள்.

மஞ்சந்தொடுவாயில் கேட்டான்:
"ஏன்கா வெளியில போறாள்?"
ஒராளுக்குத்தான் காற்று மிச்சம்;
உள்ளே நித்திரை கொள்பவன்
அவளைக் காட்டிக் கொடுத்தவன் என்றேன்.

பிறகு அவன் பேசவில்லை.
வேகம் மட்டும் கூடியது.

காத்தான்குடியில் ஒரு கடை வெளிச்சம்.
காசை அவனே நீட்டினான்.
கார்டைச் சுரண்டும் என் நகத்தைப் பார்த்து,
"கெதியாப் போடு.
அவளுக்குக் கால் உளையும்."