எலுமிச்சையின் முதுகு

முதல் வாரம் நிறம் மட்டும் வந்தது.
மூடிய இமைக்குள் ஒரு மஞ்சள் கறை,
பிடிக்கப் போனால் பச்சையாகிக் கரைந்தது.
ஈசூன், பதினோராம் மாடி, விடிகாலை நாலரை.
கீழே குப்பை லாரி பின்வாங்கும் ஒலி.
நாற்பத்தெட்டு நாள் பாவனை.
"பழத்தை விடு, எடையைப் பிடி" என்று
குறிப்பேட்டில் நானே எழுதிவைத்திருக்கிறேன்.

பகலில் துவாஸ் துறைமுகத்தில்
திரையைப் பார்த்துக் கொள்கலன் தூக்குகிறேன்.
நான் தொடாத இரும்பு எங்கோ
என் விரலுக்கு அசையும்.
முப்பது டன் சுலபம்.
இந்த ஒற்றைப் பழம்தான்
நகரமாட்டேன் என்கிறது.

பத்தாம் நாள் தோலில் குழிகள்.
பதினாறில் காம்பு.
இருபதில் மூக்கு அரித்து எல்லாம் போயிற்று,
மறுபடி மஞ்சள் கறை.

இருபத்தேழாம் நாள் மெல்லத் திருப்பினேன்.
திரும்பியது.
முதுகில் ஒரு பழுப்புத் தழும்பு,
அரிசி நீளம், சற்றே வளைந்து.
சத்தியமாக அதை நான் வைக்கவில்லை.

அன்று வேலைக்கு நாலு நிமிடம் தாமதம்.
ரயில் பழுதா என்றார் ஹஃபீஸ்.
ஆமாம் என்றேன்.

ஞாயிறு, ஈரச்சந்தை.
ஒவ்வொன்றாய் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறேன்.
"எல்லாம் ஒரே பழந்தாண்ணே,
மூணு ஒரு வெள்ளி" என்கிறார் மரகதவல்லி.
மூன்று வாங்கினேன். தழும்பு எதிலும் இல்லை.

இரவு, கத்தியை வைக்குமுன்னே
உள்ளே பதினொரு விதை தெரிந்தது,
வரிசையாக, ஈரமாக.
அறுத்து எண்ணினேன்.
ஒன்பதுதான்.
அப்பாடா என்றிருந்தது.