சில்லறை

டான்யூப் அன்று மாவு கழுவிய தண்ணீராய்ப் போனது.
விதின் படகுத்துறையில் நான் சுங்க எழுத்தர்.
மேசையில் முத்திரை, மைப்பெட்டி,
மேசைக்கடியில் கால் காய ஒரு மின்னடுப்பு.

ரங்கெல் செத்து நாற்பதாம் நாள்.
துறைக் கழிவறைச் சுவரில் சாய்ந்தபடி
லெவாவை லேயாக்கி, லேயை மார்க்காக்கி,
மார்க்கை மறுபடி லெவாவாக்கித் தந்தவன்.
நாணயம் மாற்றியவனிடம் நாணயம் இருந்ததா என்றால்
நூற்றுக்கு ஒன்பது குறையும்.
நோட்டுக்கட்டின் நடுவில்
செய்தித்தாளை நறுக்கி வைப்பான் என்பார்கள்.
எனக்கும் ஒருமுறை வைத்தான்.

முதல் படகில் சாஃப்தா வந்தாள், அவன் மனைவி,
அக்கரை கலஃபாத்காரி. கையில் துணி கட்டிய தட்டு.
என்ன இது என்றேன்.
கொலிவா என்றாள்.
போன குளிர்காலமே
அவனுக்குக் கொலிவா மணக்கிறது என்று
அக்கரையில் பேசிக்கொண்டார்களாம்,
சாவு நெருங்கினால் அங்கே அப்படித்தான் சொல்வது.

படிவத்தில் தானியத்துக்கு ஒரு கட்டம்,
மிட்டாய்க்கு ஒரு கட்டம்.
செத்தவன் பேரில் வெந்த கோதுமைக்குக் கட்டமில்லை.
துணியை விலக்கினேன்: சர்க்கரை வெள்ளை,
அக்ரூட் பொடி, கொக்கோவில் ஒரு சிலுவை,
ஓரத்தில் உலர்திராட்சை வைத்து எழுதிய R.

அதற்குள் நாத்தனார் ஸ்தாம்கா வந்துவிட்டாள்.
பதினோரு வருடமாய் முகம் பார்க்காதவர்கள்.
அவள் தட்டில் எங்கள் எழுத்தில் Р.
கொலிவா இல்லை, கொலிவோ, என்றாள்,
என்னைப் பார்த்து.
கொலிவா, என்றாள் இவள்,
அவளும் என்னைப் பார்த்து.
அந்தக் கடைசி உயிரெழுத்துக்கு
நான் என்ன தீர்வை போடுவது?

வரிசையில் லாரிக்காரர்கள் கூடினார்கள்.
செத்தது இரண்டு பேரா என்றான் ஒருவன்,
தட்டுகளில் எழுத்து வேறாயிருந்ததால்.
நெகோதின் செர்பியன் கோல்யிவோ என்றான்.
குதாயிசியிலிருந்து வந்தவன்
கோலியோ என்று சொல்லித்
தொப்பியைக் கழற்றினான்.
வோலோஸ் ஊர் கிரேக்கன் ஒருவன்,
சாமியார் படிப்பைப் பாதியில் விட்டவன்,
ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னான்:
எங்களிடமிருந்துதான் எல்லோருக்கும் போயிற்று.
கொல்லிவா. எங்களுக்கு அது பன்மை.
ஆதியில் கோதுமையே இல்லை,
ஒரு சல்லிக்காசின் பெயர்.
கோயிலில் மேசை கவிழ்த்தாரே கர்த்தர்,
அந்தக் காசு மாற்றிகளுக்கும்
அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர்.

கொஞ்ச நேரம் ஆறு மட்டும் பேசியது.

முதலில் ஸ்தாம்காதான் சிரித்தாள்,
மூக்கு வழியாக, அடக்க முடியாமல்.
சாஃப்தா துணியால் வாயைப் பொத்தினாள்.
அவ்வளவுதான். கட்டிக்கொள்ளவில்லை.
ஒருத்தி தட்டைப் பிடித்துக்கொள்ள
மற்றவள் கரண்டி தேடினாள்.

எத்தனை சாவடி கடந்திருக்கும் அந்தக் காசு.
யாரும் மாற்றித் தரவில்லை,
ஓரம் தேய்ந்து ஓசை மழுங்கியும்
எல்லா ஊரிலும் செல்லுகிறது.

படிவத்தில் எழுதினேன்:
சில்லறை, இரண்டு தட்டு. தீர்வை இல்லை.
மேலதிகாரி பிறகு விளக்கம் கேட்டார்,
அது தனிக் கதை.

எனக்கும் ஒரு காகிதக் குவளையில் கிடைத்தது.
இரண்டு தட்டிலிருந்தும் அள்ளியது.
ஸ்தாம்கா உப்பைச் சற்று தூக்கலாகப் போட்டிருந்தாள்.

ரங்கெல் எனக்குத் தந்த செய்தித்தாள் துண்டு
இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது,
ஐம்பது லெவா நோட்டின் அளவுக்குச் சரியாக நறுக்கியது.
ஒரு பக்கம் கால்பந்து முடிவுகள்.
மறுபக்கம் பாதி வானிலை.