நாற்காலிக் கணக்கு

நாற்காலிக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு என்றார்
மதுரையிலிருந்து வந்தவர்.
ஐஸ் உருகிய தண்ணீர் அவர் ஷூவுக்குள் போயிருந்தது,
சொல்லாமல் கால் மாற்றி நின்றார்.

எங்கள் மண்டபம் கொட்டகையில் நாற்காலி ஒன்றுதான்.
அதிலும் தராசு உட்கார்ந்திருக்கிறது.
நண்டு உடைக்கிற பதினான்கு பேரும்
கவிழ்த்துப்போட்ட கூடைமேல்.
"நாற்காலின்னா ஆள், மேடம்.
உள்ள நுழையிற ஒவ்வொரு ஆளும்."
உள்ளே நுழைகிற பூனைக்கு எவ்வளவு என்று
ரெக்ஸலின் கேட்டாள்.
அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மடிக்கணினியில் வட்டப் படங்கள் சுழன்றன.
நான் எங்கள் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன்.
இன்னாசி வள்ளம், நாற்பத்திரண்டு கிலோ.
ஓடு இளகியது இரண்டு.
கால் ஒடிந்தது தனி விலை.
கறிக்கு எடுத்தது ஒன்றரை.

கறிக்கு என்று எழுத அதில் இடமில்லை.
"சேதாரம்னு போட்டுக்கோங்க."
பிள்ளைகள் சோற்றில் பிசைந்து தின்னும் நண்டு
எந்த ஊரில் சேதாரம்?

தடைக்காலம் பற்றியும் கேட்டேன்.
அறுபத்தொரு நாள் விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கும்.
வள்ளத்தில் வருகிற நாலு கூடைக்கு
தராசும் நானும் போதும்.
"சந்தா ஓடிட்டேதான் இருக்கும், மேடம்."
அந்த இரண்டு மாதமும் இந்தக் கரையில்
ஓடுவது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கீழக்கரையிலிருந்து முதலாளி ஹபீப் கனி போன் செய்தார்:
நாமே செஞ்சா என்ன?

தங்கச்சிமடத்து தெல்சன் வந்தான்.
"செய்யிற கருவி இலவசம்க்கா, மூணு பேர் வரைக்கும்.
செஞ்சதை ஓட்டுற ஒவ்வொரு கணினிக்கும்
வருசத்துக்கு ஒன்பதாயிரம்.
நாளைக்கு விலையை ஏத்தினா கட்டித்தான் ஆகணும்.
எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும், வெளிய எடுக்க முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் நீள நோட்டில் முப்பத்தோராம் பக்கம்:
இன்னாசிக்கு இன்ஜின் வாங்க இரண்டு லட்சம்.
வட்டி இல்லை.
நண்டு மட்டும் வேறெங்கும் போகக்கூடாது,
சந்தை விலைக்குக் கிலோவுக்குப் பதினைந்து குறைவு.
ஒன்பது வருடமாக அந்தப் பக்கத்தில்
என் கையெழுத்து.

இரவு கூட்டிப் பார்த்தேன்.
வாங்கினால், மூன்று நாற்காலி, மூன்று வருடம்:
ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு.
செய்தால், தெல்சனுக்கு ஆறு மாதச் சம்பளம்,
கொட்டகைக்கு, கீழக்கரைக்கு, குளிர்கிடங்குக்கு
ஒவ்வொரு கணினி:
இரண்டு லட்சத்துப் பதிமூவாயிரம்.
பதினெட்டாயிரத்து அறுநூறு கூடுதல்.
தெல்சனுக்கு மஸ்கட் விசா வந்தால்
யார் திறப்பார்கள் என்பதை எதில் கூட்டுவது?
பென்சிலைக் கடித்தேன். உப்பு.

செய்வோம் என்றேன் முதலாளியிடம்.
ஏன் என்று கேட்டார்.
கறிக்கு என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, ஆனால் சரி என்றார்.

மூன்றாம் மாதம் திரையில் வந்தது:
வள்ளம், எடை, இளகல், ஒடிசல், கறிக்கு.
ரெக்ஸலின் கை துடைத்துக்கொண்டு வந்து
ஒற்றை விரலால் ஒன்றரை என்று தட்டினாள்,
தன் வீட்டுக்குப் போகிற நண்டுபோல அதைப் பார்த்தாள்.

முன்பணம் என்றொரு பக்கமும் வேண்டும் என்றேன்.
தெல்சன் கேட்டான்: வட்டி?
சைபர்.
"அந்தப் பதினஞ்சு ரூவாய எங்க எழுதறது?"

கச்சான் வாரியடித்த மணல்
விசைப்பலகை இடுக்கில் கிடந்தது.
ஊதினேன். மறுபடியும் ஊதினேன்.
அதற்கு இடம் வேண்டாம் என்றேன்.

"கட்டம் போடக் காசில்லக்கா" என்றான்.
போட்டுவிட்டும் போனான், பெயர் வைக்காமல்,
கறிக்குப் பக்கத்தில்.

இன்று காற்று கூடுதல், வள்ளம் எதுவும் இறங்கவில்லை.
பூனை நாற்காலியில், தராசுக்கு அருகில்.
முப்பத்தோராம் பக்கத்தைத் திரையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
இன்னாசி, இரண்டு லட்சம், சைபர்.
பெயரில்லாத கட்டத்தில்
கோடு ஒன்று நின்று நின்று எரிகிறது.